தாங்கும் தோல்

"கையை நீட்டு," என்றாள் அம்மா.

சின்னவள் நீட்டவில்லை. துவைத்துக் காய்ந்த டவல்களை மடித்துக்கொண்டிருந்தவள், மடித்து வைத்ததையே எடுத்துப் பிரித்து மறுபடியும் மடித்தாள். கண்ணாடிக்கு முன்னால் இருந்த பலகையில் அந்தப் புது டப்பா உட்கார்ந்திருந்தது. வெள்ளை டப்பா, வெள்ளை மூடி. மேலே ஒரு பெயர் இல்லை; உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஓர் எழுத்தும் இல்லை.

"காது கேக்குதா இல்லையா? இன்னிக்குப் போட்டாத்தான் நாளன்னிக்குத் தெரியும். நிச்சயத்துக்கு ஒம்பது நாளுதான் இருக்கு."

"போன தடவை போட்டதே இன்னும் ஆறலம்மா."

"எங்க ஆறல? ஒண்ணையும் காணோமே."

காணோம் என்பது உண்மைதான். சின்னவளின் கையில் எதுவும் சுலபத்தில் கண்ணுக்குத் தெரியாது. கொசு கடித்தாலும் எண்ணெய் தெறித்தாலும் அவளுக்குத்தான் தெரியும். பார்ப்பவர்களுக்கு அது பழைய கைதான்.

ஜன்னலோரம் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்த பெரியவள் திரும்பிப் பார்த்தாள். "எனக்காகடி மிளகு," என்றாள் மெல்ல.

அதற்கு மேல் மறுக்கச் சின்னவளுக்குத் தெரியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது கையின் உள்பக்கத்தைத் திருப்பி அம்மாவின் மடியில் வைத்தாள்.

மிளகு என்பது அப்பா வைத்த பெயர். அவர் சரக்கு லாரி ஓட்டுபவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பிறந்த பிள்ளையைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாக உச்சுக்கொட்டியபோது அவர் மட்டும், "மிளகு மாதிரி இருக்கா. ஒரு காலத்துல உலகமே கப்பல் கட்டிக்கிட்டுத் தேடி அலைஞ்ச சாமான், தெரியுமா?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெயர் தங்கிவிட்டது. கப்பல் எதுவும் வரவில்லை.

வீட்டின் முன்னறைதான் கடை. சுற்றும் நாற்காலி ஒன்று, மசாஜ் கட்டில் ஒன்று, சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி, சுவரில் சிரிக்கும் ஐந்தாறு வெள்ளை முகங்கள். தெருவில் அம்மாவைப் பார்லர் அக்கா என்பார்கள். பெரிய பெரிய கடைகள் வந்த பிறகும் அம்மாவின் கடையில் கூட்டம் குறையாததற்கு ஒரே காரணம்தான். அவள் கை பட்டு இதுவரை ஒரு முகத்திலும் ஒரு கொப்புளம் வந்ததில்லை. புதுச் சரக்கு எது வந்தாலும் இரண்டு நாள் சோதித்துப் பார்க்காமல் வாடிக்கைக்காரர் முகத்தில் வைக்கமாட்டாள். அதற்கு ஒரு முறை இருந்தது. பால்பாயிண்ட் பேனாவால் கையில் கட்டம் போடுவாள், தீப்பெட்டியில் பாதி அளவு. கட்டத்துக்குள் கிரீமை வைப்பாள். பக்கத்தில் எண் எழுதுவாள். இரண்டாம் நாள் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் கையைத் திருப்பிப் பார்த்து, நோட்டில் 'சரி' என்றோ 'வேண்டாம்' என்றோ எழுதிவைப்பாள்.

"தைரியமா உக்காருங்க. என் பொண்ணு கையில போட்டுப் பாத்தாச்சு," என்று அவள் சொல்லும்போது, கட்டிலில் படுத்திருப்பவர்கள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வார்கள். எந்தப் பெண் என்று யாரும் கேட்டதில்லை. பெரியவளின் கையில் கட்டம் போடும் பேச்சே எழவில்லை. சிவப்புத் தோல், ஒரு தழும்பு விழுந்தால் யார் பொறுப்பு? சின்னவளுடையது தாங்கும் தோல். அம்மா அதைப் பாராட்டாகத்தான் சொல்வாள். "எதப் போட்டாலும் தாங்கும். தங்கமான தோலு."

சிறுமியாக இருந்தபோது மிளகுக்கு அது பிடித்தும் இருந்தது. நாளெல்லாம் அடுத்தவர் முகத்தில் இருக்கும் அம்மாவின் கை, அந்தப் பத்து நிமிடம் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருக்கும். கிரீம் காய அம்மா குனிந்து ஊதுவாள். ஒரு சமயம் ஆறு கட்டம் போட்டிருந்தார்கள். ஆறும் ஒரு மாடி வீட்டின் ஜன்னல்கள் என்று வைத்துக்கொண்டு, பள்ளியில் கணக்குப் பாடம் நடக்கையில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஓர் ஆளைக் குடிவைத்தாள். மூன்றாம் ஜன்னலில் இருந்த கிழவருக்கு மட்டும் எப்போதும் அரிப்பு. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் என்னவென்று கேட்டபோது, "எங்கம்மா ஆராய்ச்சி பண்றாங்க," என்று பெருமையாகச் சொன்னாள்.

வயது ஏற ஏறத்தான் மற்றது கண்ணில் பட்டது. அம்மா மணிக்கட்டைப் பிடிப்பது கை ஆடாமல் இருக்க. ஊதுவது கிரீம் பக்கத்துக் கட்டத்துக்கு ஓடாமல் இருக்க. கிரீம் வைப்பதோ ஐஸ் குச்சியால். தெருவில் போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் உள்ளங்கையால் ஏந்துகிறவள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெரியவளின் முகத்தை மடியில் வைத்து நீவுகிறவள், இவள் தோலைத் தடவிப் பார்த்ததில்லை. வேண்டுமென்று அல்ல. அதற்கு ஒரு தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போதும் ஐஸ் குச்சிதான். வெள்ளை டப்பாவைத் திறந்ததும் பள்ளிக்கூடத்து ஆய்வகம் போல ஒரு வாடை வந்தது. சரக்குப் போடுகிற ஆள் முந்தின நாள் அதை இரண்டு பைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தான். கடைகளுக்கு இது போவதில்லை, தெரிந்தவர்களுக்கு மட்டும், ஏழே நாளில் பழைய தோல் போய்ப் புதுத் தோல் வந்தது போல இருக்கும் என்று சொல்லியிருந்தான். மற்ற சமயமாக இருந்தால் பெயரில்லாத டப்பாவை அம்மா வாசற்படி ஏற விட்டிருக்கமாட்டாள். ஆனால் மாப்பிள்ளையின் அக்கா வந்து போயிருந்தாள்.

அவள் பெண் பார்க்க வந்தபோது எல்லாமே நன்றாகத்தான் நடந்தது. பையன் பெரியவளைப் பார்த்து வெட்கப்பட்டான். பெரியவள் மழலைப் பள்ளி ஆசிரியை என்று கேட்டதும் அவன் அப்பா சந்தோஷப்பட்டார். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அக்கா, பெரியவளின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"பொண்ணு லட்சணந்தான். கலருதான் ரெண்டு படி இறங்கி இருக்கு, ஃபோட்டோவுல வேற மாதிரி தெரிஞ்சுது. பரவால்ல, பார்லர் வீடு. நாங்க சொல்லியா குடுக்கணும் உங்களுக்கு?"

இருபத்தாறு வருடமாக வீட்டில் சிவப்பு என்று பெயரெடுத்தவளை, அந்த அம்மாள் ஒரே பார்வையில் மாநிறமாக்கிவிட்டுப் போனாள். போகிற போக்கில், தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த சின்னவளைப் பார்த்து, கடைக்கு வேலைக்கு வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டாள். அம்மாவுக்குப் பதில் சொல்ல ஒரு மூச்சு நேரம் பிடித்தது. பிறகு, "சின்னவ," என்றாள். அந்த ஒரு மூச்சு நேரத்தை மிளகு எண்ணிவிட்டாள்.

கிரீம் வைத்த அன்று சாயங்காலமே குறுகுறுவென்றது. மறுநாள் விடிந்தபோது அந்த இடத்தில் ஒரு சின்ன அடுப்பு பற்றவைத்தது போல இருந்தது. தண்ணீர் பட்டால் சுரீரென்றது. கடை திறந்தாயிற்று; முதல் வாடிக்கைக்காரி த்ரெட்டிங்குக்கு உட்கார்ந்திருந்தாள். மிளகு அம்மாவிடம் போய்க் கையைக் காட்டினாள்.

"எரியுதும்மா. இது வேண்டாம்."

அம்மா நூலைப் பல்லில் கடித்தபடியே கையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்த்தாள். சிவப்பு இல்லை. கொப்புளம் இல்லை. இருபது வருடத் தொழிலில் அவள் படித்த பாடம் இரண்டே இரண்டுதான்: ஒத்துக்கொள்ளாத தோல் சிவக்கும், அல்லது பொரியும்.

"ஒண்ணுமே இல்லையேடி."

"வெளிய தெரியலம்மா. உள்ள எரியுது."

வாடிக்கைக்காரி பாதி புருவத்தோடு திரும்பி, என்ன விஷயம் என்று விசாரித்தாள். நிச்சயத்துக்குப் பெரியவளுக்குப் போட ஒரு கிரீம் வந்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். சொன்ன கையோடு, நூலை விரலில் சுற்றிக்கொண்டே, "எரியுதாமே. எங்கடி எரியுது, கையிலயா வயித்துலயா?" என்றாள்.

வாடிக்கைக்காரி சிரித்தாள். "இருக்கும்ல அக்கா. தங்கச்சிதானே, ஆசை இருக்காதா?" என்று சமாதானமும் சொன்னாள். அம்மாவும் சிரித்தாள். அவள் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. கடையில் பேசுகிற பேச்சு; வேலை ஓட ஒரு வார்த்தை. மறுபடி குனிந்து இடது புருவத்தைத் தொடங்கிவிட்டாள்.

மிளகு பின்கட்டுக்குப் போனாள். பெரியவள் பள்ளிக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, இங்க தொட்டுப் பாரேன்," என்று கையை நீட்டினாள். பெரியவள் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"சுடுதேடி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியவளின் முகத்தில் எதுவோ வந்து, நின்று, திரும்பிப் போனது. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. இரண்டு முறை ஃபோனில் பேசியிருந்தான். இரண்டாம் முறை ஒரு மணி நேரம். இருபத்தாறு வயதில் முதல்முறையாக அவள் தனியாக இருக்கும்போது சிரித்தாள்.

"வெயில்ல நின்னு துணி காயப்போட்டல்ல," என்றாள். "அதா இருக்கும்." பையை எடுத்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள்.

அன்று பகல் முழுக்க மிளகு தன்னைத்தானே சோதித்துப் பார்த்தாள். பொறாமை இருக்கிறதா என்று தேடினால் இருக்கத்தான் செய்தது. அக்காவுக்கு வாங்கிவைத்திருந்த புது வளையல்களை, யாரும் இல்லாதபோது ஒருநாள் தன் கையில் போட்டுப் பார்த்திருந்தாள். கழற்றும்போது ஒன்று வரமாட்டேன் என்று நின்று, சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. அந்தப் பையன் அக்காவைப் பார்த்து வெட்கப்பட்டபோது, தன்னைப் பார்த்து ஒருவர் வெட்கப்பட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்ததும் உண்டு. ஆகவே அம்மா சொன்னது சரியாக இருக்கலாம். வயிற்றில் எரிவதுதான் கையில் எரிவதாகத் தோன்றுகிறதோ என்னவோ. பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றுமில்லை என்கிறார்கள். தன் தோல் தன்னிடம் பொய் சொல்கிறது என்று நம்புவது அவளுக்கு ஒன்றும் புதிதல்ல. அதைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைத்தான் அவள் எப்போதும் நம்பி வந்திருக்கிறாள்.

அடுத்த நாள் காலையில் அம்மா நோட்டோடு வந்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டத்துக்குள் தோல் கொஞ்சம் சாம்பல் பூத்தது போல இருந்தது, அவ்வளவுதான். "ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டாள். ஆனால் கேட்கும்போதே பேனா நோட்டில் இருந்தது. 'ச' எழுதி முடிந்திருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றாள் மிளகு.

பெரியவள் அன்றே தொடங்கினாள். முதல் மூன்று நாள் முகம் துடைத்துவைத்த விளக்கு மாதிரி இருந்தது. அம்மா அவளைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, சுற்றியிருந்த பல்புகளையெல்லாம் போட்டுப் பார்த்தாள். தெருவில் நாலு பேர் அந்த டப்பாவைக் கேட்டுவிட்டுப் போனார்கள். மிளகின் மனம் கூட லேசானது. நல்லவேளை, நான் வாயை மூடிக்கொண்டது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தாள். நான்காம் நாள் பள்ளியில் விளையாட்டு விழா. பெரியவள் பிள்ளைகளோடு வெயிலில் நின்றாள். ஐந்தாம் நாள் காலையில் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. கன்னம் இரண்டும் சிவந்து, வீங்கி, நீர் கோத்து, வெந்த தக்காளி போலத் தோல் விலகிக்கொண்டு நின்றது. அவள் கத்தவில்லை. கட்டிலில் நேராக உட்கார்ந்து, கைகள் இரண்டையும் முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் பிடித்தபடி, தொடவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல், "அம்மா, அம்மா," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிச்சயத்துக்கு அப்போது மூன்று நாள் இருந்தது. காய்ச்சல் என்று சொல்லித் தள்ளிப்போடப் பார்த்தாள் அம்மா. மாப்பிள்ளையின் அக்கா ஃபோனோடு நிற்கவில்லை, நேரில் வந்தாள். அறை வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனவள், தரகர் மூலம் மறுநாள் சொல்லியனுப்பினாள்: தோல் வியாதி ரத்தத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கும் வருமாம், வீட்டில் பெரியவர்கள் யோசிக்கிறார்களாம். யோசனை அத்தோடு முடிந்தது. பையன் ஒருமுறை ஃபோன் செய்தான். முகத்தில் கட்டோடு பெரியவளால் சரியாகப் பேச வரவில்லை. பிறகு அவன் செய்யவில்லை.

நிறம் போதாது என்றவர்களும் அவர்கள்தான், நிறம் ஏற்றப்போய் வெந்த முகத்தை வேண்டாம் என்றவர்களும் அவர்கள்தான். ஆனால் அந்த வீட்டில் அன்று யாரும் அவர்களைத் திட்டவில்லை. சரக்குப் போட்ட ஆளின் ஃபோன் அணைந்து கிடந்தது. அவனைத் திட்டிப் பயனில்லை. திட்டக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது ஒருத்திதான்.

அம்மா கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே குரலில் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். "இவ ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பொண்ணு மூஞ்சி தப்பிச்சிருக்கும்." வந்தவர்கள் தண்ணீர் கொண்டுவந்து வைத்த சின்னவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். மிளகு மறுத்துப் பேசவில்லை. ஒண்ணுமில்ல என்று சொன்னது அவள் வாய்தானே. இரண்டு முறை சொன்னதை அவளே மறந்துபோகத் தொடங்கியிருந்தாள். மூன்றாம் முறை சொல்லாததுதான் ஞாபகத்தில் முள்ளாக நின்றது. அக்காவின் கட்டை மாற்றும்போதெல்லாம், பஞ்சை நனைத்து நனைத்து மெதுவாக எடுக்கும்போதெல்லாம், இது நான் செய்தது என்று நினைத்தாள். தன் கையை முழுக்கை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். உள்ளே அது எரிந்துகொண்டுதான் இருந்தது. எரியட்டும் என்று விட்டாள்.

அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அது மூன்றாம் முறை. நீளமான வராந்தா, மரப் பெஞ்சுகள், சுவரில் நம்பர் மாறும் ஒரு பெட்டி. வெயில் படக்கூடாது என்பதால் மிளகு அக்காவுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். மருந்துப் பையும் தண்ணீர் பாட்டிலும் அவள் தோளில்தான். அவர்கள் நம்பர் வந்ததும் மூவரும் உள்ளே போனார்கள்.

தோல் டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. சிரிக்காத முகம், சலிக்காத குரல். பெரியவளின் கட்டை விலக்கிப் பார்த்து, வீக்கம் வடிவதாகச் சொன்னாள். இப்படிப் பெயரில்லாத கிரீமை முகத்தில் போட எப்படித் துணிந்தீர்கள், அதுவும் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு, என்று கேட்டாள். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சும்மா போடல டாக்டர். ரெண்டு நாள் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் போட்டேன். இதோ இவ கையில."

டாக்டர் அப்போதுதான் பைகளோடு சுவரோரம் நின்றவளைப் பார்த்தாள். "எங்க, காட்டு."

மிளகு தயங்கினாள். பிறகு ரவிக்கைக் கையை மடித்துவிட்டு நீட்டினாள். டாக்டர் விளக்கைத் திருப்பவில்லை. தன் புறங்கையை அந்த இடத்தின் மேல் வைத்தாள். வைத்து, அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு விரல் நுனிகளால் ஓரத்தை மெல்ல வருடிப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு விரல் பட்டு நின்று எத்தனை காலமாயிற்று என்று மிளகின் உடம்பு கணக்குப் பார்த்துவிட்டது போல இருந்தது.

"இன்னும் சூடு அடங்கல. தோலு தடிச்சுப் போயிருக்கு. நல்லா வெந்திருக்கு இது. உங்க பெரிய பொண்ணுக்கு முன்னாடியே வெந்திருக்கு."

"சிவக்கவே இல்லையே டாக்டர். நான் வெளிச்சத்துல வச்சுப் பாத்தேனே."

"இந்த நிறத்துல சிவப்பு சிவப்பாத் தெரியாதும்மா. சாம்பலாத் தெரியும், இல்லேன்னா இன்னும் கறுத்துத் தெரியும். கண்ணால பாத்தா ஏமாந்துருவோம். சூடு இருக்கா, தடிப்பு இருக்கான்னு தொட்டுத்தான் பாக்கணும். தொட்டுப் பாத்தீங்களா?"

மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை அம்மாவின் விரல்கள் அரை வட்டம் திருப்பின.

"இல்ல, அவகிட்டயாச்சும் கேட்டீங்களா?"

"அவ சொல்லவே இல்ல டாக்டர்," என்றாள் அம்மா. பொய் சொல்கிறவளின் குரல் இல்லை அது. அவள் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள். சொன்னது காதில் விழுந்தால்தானே ஞாபகத்தில் இருக்கும். "சொல்லியிருந்தா போட்டிருப்பேனா? பெத்தவ நான்."

மிளகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவள், வீங்கிய உதடுகள் சரியாகக் கூடாமல், வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள்.

"சொன்னாம்மா. எரியுதுன்னு சொன்னா. எங்கிட்டயும் காட்டினா. நான் தொட்டேன். சுட்டுது."

அவள் கண்ணிலிருந்து வழிந்தது கன்னத்துப் புண்ணில் பட்டு எரிந்திருக்க வேண்டும்; முகத்தைச் சுளிக்கவும் முடியாமல் அவள் தலையை மட்டும் பின்னால் சாய்த்துக்கொண்டாள். டாக்டர் ஒரு பஞ்சை எடுத்து ஒற்றினாள். மிளகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை நாள் நின்றேனோ என்று அவளுக்குத் தோன்றியது. இப்போது அம்மா திரும்புவாள். திரும்பி, ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, பார்ப்பாள்.

அம்மா டாக்டர் பக்கம் குனிந்தாள். "மூஞ்சி எப்ப டாக்டர் பழையபடி ஆகும்? இதுக்கு முன்னாடி நல்ல கலரு இவ."

டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டே, மாதக்கணக்கில் ஆகும், பழையபடியே ஆகும் என்று சொல்ல முடியாது என்றாள். பெரியவளுக்கு மருந்து எழுதினாள். எழுதி முடித்த பிறகு மிளகைப் பார்த்து, "நீயும் தனியா ஒரு சீட்டுப் போட்டுட்டு வா. இப்படியே விட்டா தழும்பாயிடும். அதுவும் இல்லாம, பழைய தழும்பு நிறைய இருக்கு. அதையும் பாக்கணும்," என்றாள்.

வெளியே வந்ததும் அம்மா மருந்துச் சீட்டைத் தன் கைப்பைக்குள் திணித்தாள். சீட்டெல்லாம் எதற்கு, அக்காவுக்கு எழுதிக்கொடுத்த களிம்பிலேயே கொஞ்சம் தடவிக்கொண்டால் போகிறது, எப்படியும் மீந்துதான் போகும் என்றாள். சொல்லிக்கொண்டே மருந்துக் கவுன்டர் பக்கம் நடந்தாள்.

மிளகு அக்காவைப் பெஞ்சில் நிழலாகப் பார்த்து உட்காரவைத்தாள். குடையை மடக்கி அக்காவின் மடியில் வைத்தாள். பையையும் பாட்டிலையும் கழற்றி அவள் பக்கத்தில் வைத்தாள். பெரியவள் அவள் விரல்களைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்திருந்து, விட்டாள். மிளகு பதிவு ஜன்னலுக்குப் போய் வரிசையில் நின்றாள்.

ஜன்னலுக்குள் இருந்த ஆள் நிமிராமல் பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். வீட்டில் யாரும் கூப்பிடாத அந்தப் பெயர், பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயர், அவள் வாயில் கொஞ்சம் புதிதாக இருந்தது. வயது கேட்டார். சொன்னாள்.

"என்ன தொந்தரவு?"

"எரியுது."

அவர் எதுவும் கேட்காமல் அதை அப்படியே எழுதிக்கொண்டார். "கூட யாரு வந்திருக்கா?"

மிளகு திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் அம்மா மருந்து வாங்கிக்கொண்டு, பெரியவளின் தலைமேல் தன் முந்தானையை இழுத்துப் பிடித்தபடி எழுப்பிக்கொண்டிருந்தாள். "யாருமில்ல. நான் மட்டுந்தான்," என்றாள். சீட்டை வாங்கிக்கொண்டு வந்து பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தாள்.

அம்மா வந்து நின்றாள். "வா, வண்டி பிடிக்கணும். வெயில் ஏறுது, யாரு கொடை பிடிக்கிறது?"

"நீங்க போங்கம்மா. நான் காட்டிட்டு வரேன்."

அம்மா அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். "உனக்கு என்னடி?" என்றாள்.

அதில் கோபம் இல்லை. குத்தல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். டாக்டர் சொன்னது, பெரியவள் சொன்னது எல்லாம் காதில் விழுந்த பிறகும், சின்னவளுக்கு என்ன வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. மிளகு அதற்கு ஏதாவது பதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எந்த இடத்திலிருந்து தொடங்கினாலும் இந்த வராந்தாவில் சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. அவள் எழுந்திருக்கவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். வழக்கமாக இந்த நேரத்துக்குள் எழுந்துவிடுகிற பிள்ளை. எழுந்திருக்கக் காணோமே என்று நின்றாள். பிறகு தானே குடையை விரித்து, பெரியவளின் தோளை அணைத்துக்கொண்டு நடந்தாள். குடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அம்மாவின் பாதி முதுகில் வெயில் அடித்தது. வாசல் அருகில் பெரியவள் ஒருமுறை திரும்பினாள். கட்டுக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. இருவரும் படியிறங்கி, ஜனங்களோடு ஜனங்களாக மறைந்துபோனார்கள். மிளகு அந்த வெறும் வாசலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது திரும்பி வருவார்கள் என்று உடம்பு அது பாட்டுக்கு எதிர்பார்த்தது. யாரும் வரவில்லை.

சுவர்ப் பெட்டியில் நம்பர் மாறியது. நர்ஸ் கதவைத் திறந்து அவள் எண்ணைக் கூப்பிட்டாள். மிளகு எழுந்து போனாள். நர்ஸ் சீட்டை வாங்கிப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மூன்று முறை குடையும் பையுமாகக் கூட வந்த பெண் என்று அடையாளம் தெரிந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் எட்டி, வராந்தாவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினாள்.

"பேஷண்ட் எங்கம்மா?"

"நான்தான்," என்றாள் அவள்.